யாருடைய ஹீ-மேன்?

2021 ஜூலை 23ஆம் தேதி 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்: ரெவலேஷன்' தொடரின் முதல் ஐந்து எபிசோடுகள் நெட்ஃபிளிக்ஸில் வெளியாயின. முதல் எபிசோட் முடிவதற்குள் நாயகன் ஹீ-மேன் செத்துப்போனான். சண்டை தொடங்கிவிட்டது. விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் இடங்களில் தொடர் தரைமட்டத்துக்கு இறங்கியது. திட்டியவர்களில் கணிசமானவர்கள் நாற்பதைத் தாண்டிய ஆண்கள். வேலை, குடும்பம், வீட்டுக் கடன் எல்லாம் உள்ளவர்கள். கார்ட்டூனில் ஒருவன் செத்ததற்கு வயதுவந்த மனிதர்கள் இப்படித் துடிப்பதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. பலர் சிரிக்கவும் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூர்தர்ஷனில் ஹீ-மேன் பார்த்த தலைமுறை நம்மிடையேயும் உண்டு, நானும் அதில் ஒருவன். அந்த ரசிகர்களிடம் ஒரு நியாயமான வழக்கு இருந்தது என்றே நினைக்கிறேன். தவறான ஆளின் மேல் அதைப் போட்டுவிட்டார்கள்.

வழக்கைப் புரிந்துகொள்ள ஹீ-மேனின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கிளற வேண்டும். அவன் கதையிலிருந்து பிறந்தவன் இல்லை. பொம்மைக் கடைக்காகப் பிறந்தவன். எழுபதுகளில் 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளுக்கான உரிமம் தேடிவந்தபோது மேட்டல் நிறுவனம் வேண்டாமென்று சொல்லிவிட்டது. பிறகு வேறொரு நிறுவனம் அதில் அள்ளிக் குவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாகத் தனக்கே சொந்தமான ஒரு வீரன் தேவைப்பட்டான். 1982இல் ஐந்தரை அங்குல உயரத்தில், மல்யுத்த வீரனின் தோள்களோடு, கால்களைச் சற்று மடக்கி நிற்கும் ஹீ-மேன் கடைக்கு வந்தான். இடுப்பில் ஒரு ஸ்பிரிங் உண்டு. உடம்பை ஒரு பக்கம் திருகி விட்டால் சுழன்று ஒரு குத்துவிடுவான். அவன் சவாரி செய்யும் பச்சைப் புலி, பேட்டில் கேட், முன்பு மேட்டல் விற்ற பிக் ஜிம் என்ற பெரிய அளவுப் பொம்மை வரிசையில் இருந்த புலிதான். அச்சு கையில் இருந்தது. ஐந்தரை அங்குல வீரனுக்கு அருகில் அந்தப் புலி யானைபோல நின்றது. சேணம் போட்டுப் பச்சை வர்ணம் அடித்தார்கள். நம் தலைமுறையின் கனவுக்குள் ஓடிய புலி, பழைய அச்சில் வார்த்த புலி.

பெட்டிக்குள் பொம்மையோடு சின்னஞ்சிறு படக்கதைப் புத்தகம் ஒன்றையும் வைத்தார்கள். முதல் புத்தகங்களை டான் கிளட் எழுத, பிலிப்பைன்ஸ் ஓவியர் அல்ஃபிரெடோ அல்காலா வரைந்தார். அவற்றில் ஹீ-மேன் காட்டுவாசி. அரண்மனை இல்லை, இளவரசன் ஆடம் இல்லை, ரகசியமும் இல்லை. அடுத்து டிசி காமிக்ஸ் வந்து, ஹீ-மேனின் ரகசிய மறுபக்கமாக இளவரசன் ஆடமைக் கொண்டுவந்தது. 1983 செப்டம்பரில் ஃபில்மேஷன் நிறுவனத்தின் கார்ட்டூன் தொடங்கியபோது எல்லாம் மறுபடி மாறியது. கோழைப் புலி கிரிஞ்சர், மந்திரம் தப்பும் ஓர்க்கோ, ராஜா, ராணி என்று ஒரு குடும்பக் கதையாகவே ஆகிவிட்டது. இத்தனையும் ஒன்றரை வருடத்துக்குள். ஆக, மூலத்துக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று 2021இல் கூப்பாடு போட்டவர்களிடம் எந்த மூலம் என்று கேட்க இடமிருக்கிறது.

மூலத்தை மாற்றுவது பாவம் என்று நம்மால் சொல்லவும் முடியாது. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப்போகிறான். கம்பனுக்கு அது ஒப்பவில்லை. பர்ணசாலையோடு சேர்த்து நிலத்தையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போகவைத்தான். அதற்காக அவன் யாரிடமும் உரிமம் வாங்கவில்லை. பிடிக்காதவர் தன் வழியில் வேறொரு ராமகதை சொல்லிக்கொள்ளலாம், ஊரும் கேட்கும். ஹீ-மேன் விஷயத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ரசிகன் எழுதும் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் விசிறியின் கிறுக்கல்; மேட்டல் முத்திரையோடு வருவது மட்டும் 'நடந்தது'. ஹீ-மேன் செத்தான் என்று உரிமைதாரர் சொல்லிவிட்டால் செத்தவன்தான். கோபத்தின் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மறுபாதியின் வேர் ஃபில்மேஷன் அந்தத் தொடரைச் செய்த விதத்தில் இருக்கிறது. லூ ஷைமரின் அந்த நிறுவனத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மற்ற நிறுவனங்கள் வரையும் வேலையைக் கூலி குறைந்த ஆசிய நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் லாஸ் ஏஞ்சலஸிலேயே வைத்துச் செய்தார்கள். வாரத்தின் ஐந்து வேலை நாட்களும், பதின்மூன்று வாரம். ஒரு பருவத்துக்கு 65 எபிசோடுகள். இரண்டு பருவம் சேர்த்து 130. உள்ளூர்க் கூலியில் இவ்வளவு வரைய வேண்டுமானால் வரைந்ததையே திரும்பத் திரும்பப் போட்டாக வேண்டும். நிஜ மனிதர்களை ஓடவும் குதிக்கவும் வைத்துப் படமெடுத்து, அதன்மேல் கோடிழுத்து, அசைவுகளின் கிடங்கு ஒன்றை உண்டாக்கினார்கள். ஹீ-மேன் நம்மை நோக்கி ஓடிவருவது, பாறையைத் தூக்குவது, திரையைப் பார்த்துக் குத்துவிடுவது எல்லாம் அந்தக் கிடங்கிலிருந்து வந்தவை. ஓடுகிறவன் அதே ஓட்டம்தான் ஓடுவான். பின்னணி மட்டும் மாறும். ஒரு நாள் பாலைவனம், ஒரு நாள் காடு. ஓர்க்கோவுக்கு முதலில் வைத்த பெயர் கோர்ப்போ. அவன் மார்பில் பெயரின் முதல் எழுத்து இருக்க வேண்டும். இடப்பக்கம் பார்க்கும் படத்தை அப்படியே திருப்பிப் போட்டு வலப்பக்கமாக்கினால் ஜி எழுத்து இடவலம் மாறித் தெரியும். ஓ எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயரையே மாற்றிவிட்டார்கள். சிக்கனம் ஒரு பாத்திரத்துக்குப் பெயர் சூட்டிய கதை இது.

இப்போது மறுபடி போட்டுப் பார்த்தேன். உருமாறும் காட்சி வரும்போது கை தானாக நிற்கிறது. ஆடம் வாளை உயர்த்துகிறான். கோட்டை பின்னால் தெரிகிறது. மின்னல் வாளில் இறங்கி உடம்புக்குள் ஓடுகிறது. சட்டை போய் மார்புப் பட்டை வருகிறது. வாள்முனையைப் பூனைபோலப் பதுங்கும் கிரிஞ்சரை நோக்கித் திருப்புகிறான், அது பேட்டில் கேட்டாகிக் கர்ஜிக்கிறது. எபிசோட்தோறும் இதே சட்டகங்கள்தான். அதே மின்னல், அதே இடத்தில். வரைகிறவனுக்கு இது மிச்சம். பார்த்த குழந்தைக்கு இது சடங்கு. அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு கணமும் தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு சந்தோஷம். மீதி இருபது நிமிடக் கதை எதுவாக இருந்தாலும் கவலையில்லை. நேர்மையாகச் சொன்னால், அந்தக் கதைகளில் பெரும்பாலானவை சுமார் ரகம். வில்லன் ஸ்கெலிட்டார் ஒரு திட்டம் போடுவான், அது சொதப்பும், அடியாட்களைத் திட்டுவான். ஹீ-மேன் வாளால் யாரையும் வெட்டக் கூடாது. எதிரியைத் தூக்கிச் சேற்றில் எறிய வேண்டும், அவ்வளவே. முடிவில் யாராவது ஒருவர் நம்மைப் பார்த்து நீதி சொல்வார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ராபர்ட்ஸ் இதற்கெல்லாம் ஆலோசகர்.

அந்த நீதிபோதனைக்கு அவசியம் இருந்தது. பொம்மை விற்பவர் காசில் ஓடும் பொம்மைக் கதை, முழுநீள விளம்பரம் இல்லாமல் வேறென்ன? குழந்தைகள் தொலைக்காட்சிக்காகப் போராடிவந்த பெக்கி சாரன் இதைத்தான் கேட்டார். ரீகன் ஆட்சியின் ஒளிபரப்புத் துறை ஆணையம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1984இல் விளம்பர நேரக் கட்டுப்பாடுகளையே தளர்த்திவிட்டது. 1990இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து மறுபடி வரம்பு கட்டும்வரை அமெரிக்கக் குழந்தைகளின் மாலை நேரம் பொம்மைக் கம்பெனிகளின் கையில் இருந்தது. இன்று அழுகிற ரசிகர் அந்த மாலை நேரத்தின் விளைச்சல்.

இதை வைத்து அவரை மட்டம்தட்டிவிட முடியாது. தொடர் அரைகுறையாக இருந்ததால்தான் குழந்தைக்கு வேலை இருந்தது. தொலைக்காட்சியில் யாரும் சாக மாட்டார்கள். கட்டிலுக்கு அடியில் தினமும் சாவார்கள். தொலைக்காட்சியில் அதே ஓட்டம் ஓடுகிறவன், வீட்டுத் தரையில் இஷ்டப்படி பறப்பான், துரோகம் செய்வான், ஸ்கெலிட்டாரோடு சமாதானமாகிப் போவான். ஃபில்மேஷன் காட்டாத சமுத்திரங்களும் யுத்தங்களும் படிக்கட்டிலும் சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் நடந்தன. நம் நாட்டில் லியோ நிறுவனம் இந்தப் பொம்மைகளைத் தயாரித்து விற்றது. அழுது வாங்கியவர்கள் கொஞ்சம், அழுதும் கிடைக்காதவர்கள் ஏராளம். கிடைக்காதவர்கள் விளக்குமாற்றுக் குச்சியை வாளாக உயர்த்தினார்கள். ஹீ-மேன் என்று இன்று நினைவில் நிற்பதில் பெரும்பங்கு இப்படி நாமே இட்டு நிரப்பியதுதான். அந்தப் பங்குக்குப் பத்திரம் கிடையாது, சம்பளம் கிடையாது, டைட்டில் அட்டையில் பெயர் கிடையாது. நாற்பது வருடம் கழித்து அதே கம்பெனி, பழைய கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம் என்று அறிவித்தபோது, தன் பங்கையும் சேர்த்துத் தொடர்வார்கள் என்று ரசிகர் நம்பினார். அந்த நம்பிக்கை மடமையாக இருக்கலாம். ஆனால் அதை ஊட்டி வளர்த்தது கம்பெனிதான்; அந்த நம்பிக்கையைத்தான் விற்கவும் செய்தது.

'ரெவலேஷன்' முன்னோட்டம் அதற்குச் சாட்சி. போனி டைலரின் எண்பதுகள் பாட்டு, வாளை உயர்த்தும் ஹீ-மேன், மின்னல், புலி. முன்னோட்டம் முழுக்க அவனேதான். அவனை ஓரங்கட்டப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியபோது தொடரைப் பொறுப்பேற்று நடத்திய கெவின் ஸ்மித் மறுத்தார். வெளியானது வேறு. முதல் எபிசோடில் கிரேஸ்கல் கோட்டைச் சண்டையில் ஹீ-மேனும் ஸ்கெலிட்டாரும் அழிகிறார்கள். அவர்கள் உலகமான ஈட்டர்னியாவிலிருந்து மந்திரம் வடிந்துகொண்டிருக்கிறது. ஆடம்தான் ஹீ-மேன் என்பது தன்னிடம் மறைக்கப்பட்டிருந்தது என்று அறிந்த போர்வீராங்கனை டீலா, பதவியைத் தூக்கியெறிந்துவிட்டுக் கூலிவீராங்கனையாக அலைகிறாள். அந்தப் பருவம் அவளுடையது. இந்தக் கதைமேல் எனக்குப் புகார் இல்லை. முன்னோட்டத்தின்மேல் உண்டு. ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு அட்சரசுத்தமாக உண்மை. விளம்பரமாகப் பிறந்த கதை விளம்பரத்தாலேயே அடிவாங்கியது.

ரசிகர்கள் அங்கேயே நின்றிருந்தால் நானும் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன். அவர்கள் விளம்பரத்துறையை விட்டுவிட்டு டீலாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டியது, தோளில் தசை வைத்தது, கோபப்பட்டது எல்லாம் குற்றமாயின. ஒரு பெண்ணுக்காக எங்கள் ஹீ-மேனைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரே பல்லவி. இங்கேதான் ஆள் மாறிப்போனது.

1982இல் விற்ற டீலா பொம்மை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். அவளுக்குப் பாம்புத் தலை வைத்த ஒரு கவசம், பாம்பு வடிவக் கோல். கவசம் இல்லாமல் நின்றால் போர்வீராங்கனை. மாட்டிவிட்டால் மந்திரக்காரி. ஒரே பொம்மையில் இருவரையும் விற்கும் மேட்டலின் கணக்கு அது. 'ரெவலேஷன்' முடிவில் டீலா கிரேஸ்கல்லின் மந்திரக்காரி ஆகிறாள். முப்பத்தொன்பது வருடத்துக்கு முன் பிளாஸ்டிக்கில் எழுதியிருந்த கதையைத்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஃபில்மேஷன் தொடரிலும் விதை உண்டு. 'டீலாஸ் குவெஸ்ட்' எபிசோடில் கோட்டையின் மந்திரக்காரிதான் தன் தாய் என்று டீலா அறிந்துகொள்கிறாள். உடனே அந்த நினைவு அவளிடமிருந்து அழிக்கப்படுகிறது. நல்லெண்ணத்தோடுதான் அழிக்கிறார்கள். எண்பதுகளில் யாருக்கும் உறுத்தவில்லை. தன்னைச் சுற்றி அத்தனை பேரும் தன்னிடம் மறைத்தார்கள் என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்று யாரோ ஒரு குழந்தை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். அந்தக் குழந்தை வளர்ந்து எழுத்தாளராகியிருக்கக்கூடும்.

எழுதியவர்கள் பொம்மைகளை மறக்கவில்லை என்பதற்கு இன்னும் சில சான்றுகள். ஹீ-மேன் பொம்மையிடமும் ஸ்கெலிட்டார் பொம்மையிடமும் பாதிப் பாதி வாள் இருந்தது. இரண்டையும் பொருத்தினால் முழு வாள். கார்ட்டூன் இதைக் கண்டுகொள்ளவில்லை. 'ரெவலேஷனில்' வாள் இரண்டாகப் பிளக்கிறது. பாதி நரகத்தில், பாதி சொர்க்கத்தில். இருட்டில் ஒளிரும் ஸ்கேர் குளோ, 1987இல் பொம்மையாக மட்டும் வந்தவன், கார்ட்டூனில் தலைகாட்டாதவன். இதில் அவன்தான் பாதாளத்தின் அரசன். பைன் வாசனை ஏற்றி, மேலெல்லாம் பச்சைப் பொசுபொசுப்பு ஒட்டி விற்ற மாஸ் மேன் முதல் எபிசோடிலேயே எரிந்து போகிறான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஆலன் ஓப்பன்ஹைமர், 1983இல் ஸ்கெலிட்டாருக்குப் பேசியவர். அவனை எரிக்கும் ஸ்கெலிட்டாருக்குக் குரல் மார்க் ஹாமில். புதிய ஸ்கெலிட்டார் பழைய ஸ்கெலிட்டாரைக் கொல்கிறான். இப்படிச் செய்ய வெளியாள் ஒருவனுக்கு மனசு வராது, அறிவும் வராது. எழுதியவர்களும் அதே பொம்மைப் பெட்டியைக் கவிழ்த்து விளையாடியவர்கள். தொலைக்காட்சிக்கு விசுவாசமாக இருப்பதைவிட அந்தப் பெட்டிக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார்கள். சண்டை ரசிகனுக்கும் அந்நியனுக்கும் நடந்ததாகச் சொல்கிறார்கள். நடந்தது ஒரே தெருப் பிள்ளைகளின் சண்டை.

அந்தத் தெருவில் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைத்தான் பலரால் ஏற்க முடியவில்லை. ஹீ-மேன் பொம்மை வரிசையில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே: 1982இல் டீலா, 1983இல் ஈவில்-லின், 1987இல்தான் கோட்டையின் மந்திரக்காரி. அண்ணனோடு விளையாட உட்கார்ந்த தங்கைக்கு டீலாதான் கையில் கிடைப்பாள். நாற்பது வருடம் அவள் கையில் டீலா என்னென்ன செய்தாளோ.

இதை முன்கூட்டி மோப்பம்பிடித்த மேட்டல், 1985இல் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஷீ-ராவைக் கொண்டுவந்தது. ஹீ-மேனின் இரட்டைச் சகோதரி அடோரா. பச்சைக் குழந்தையாக இருந்தபோதே அவளை வில்லன் ஹோர்டாக் தூக்கிச் சென்று, தன் படையிலேயே தளபதியாக வளர்க்கிறான். ஃபில்மேஷனின் 93 எபிசோடுகள். பொம்மைகளுக்குச் சீவி விடும்படியான கூந்தல். 2018இல் ட்ரீம்வொர்க்ஸ் இதைப் புதிதாக எடுத்தது. நடத்தியவர் என்.டி. ஸ்டீவன்சன். அந்த ஜூலையில் புதிய ஷீ-ராவின் படத்தை வெளியிட்டார்கள், தொடர் வர நான்கு மாதம் இருந்தது. அதற்குள்ளேயே அவள் பையனைப்போல இருக்கிறாள், அழகு போய்விட்டது என்று வளர்ந்த ஆண்கள் சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் சித்திரத்தைப் பார்த்து நடுத்தர வயது ஆண் கவர்ச்சி போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதைப் படிக்கவே கூசுகிறது. ஓவியம் தெரிந்த பெண்கள் பலர் புதிய ஷீ-ராவை அவரவர் பாணியில் வரைந்து குவித்துப் பதில் சொன்னார்கள். வாதாடுவதைவிட நல்ல பதில்.

பழைய ஷீ-ராவை நேசித்த பெண்களின் வருத்தம் வேறு ரகம், அதைத் தனியாக மதிக்க வேண்டும். அவர்களுக்கு ஷீ-ரா வளர்ந்த பெண். நிமிர்ந்து நிற்பவள், சந்தேகப்படாதவள், தான் ஆகவிரும்பிய பெரிய மனுஷி. புதியவளோ தடுமாறுகிற பதின்வயதுக்காரி. எட்டு வயதில் அண்ணாந்து பார்த்தவளை நாற்பது வயதில் குனிந்து பார்க்க நேர்வது இழப்புதான். அந்த இழப்புக்கு ஈடாகப் புதிய தொடர் ஒன்றைத் தந்தது, பழையதில் அறவே இல்லாத ஒன்றை. பழைய அடோரா, தான் கொடுமைக்காரர்களின் படையில் இருப்பதை அறிந்ததும் சட்டென்று கட்சி மாறிவிடுவாள். வளர்ந்த வீடு, கூட இருந்த தோழி, எதுவும் பின்னுக்கு இழுக்காது. 2018இன் அடோரா அப்படிக் கிளம்பும்போது காட்ராவை விட்டுவிட்டு வருகிறாள். கூடவே வளர்ந்தவள், ஒரே கட்டிலில் காலடியில் சுருண்டு தூங்கியவள். நீ என்னை விட்டுப் போனாய் என்ற ஒற்றைக் கோபத்தில் காட்ரா உலகத்தையே உடைக்கப் பார்க்கிறாள். ஐந்து பருவங்கள், 52 எபிசோடுகள், எல்லாம் இந்த ஒரு பிரிவின் கணக்கைத் தீர்க்கத்தான். 2020 மே 15இல், உலகம் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, கடைசிப் பருவம் வந்தது. காட்ராவும் அடோராவும் காதலைச் சொல்லிக்கொண்டார்கள். அன்று அழுத பிள்ளைகளுக்கு 1985 தொடர் இருந்ததே பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு இதுதான் குழந்தைப் பருவம். இருபது வருடம் கழித்து யாராவது இதை மறுபடி எடுப்பார்கள், அப்போது இவர்கள் கொதிப்பார்கள்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். அடுத்தவர் கையில் கொடுப்பதால்தானே இந்த வம்பெல்லாம், படைத்தவனே திரும்பி வந்தால்? வந்திருக்கிறான். 'சாமுராய் ஜாக்' 2004இல் முடிவில்லாமல் நின்றுபோனது. 2017இல் அதைப் படைத்த கென்டி டார்டகோவ்ஸ்கியே திரும்பி வந்து பத்து எபிசோடுகளில் முடித்துவைத்தார். அசுரன் ஆக்குவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006இல் இறந்துவிட்டார். கிரெக் பால்ட்வின் பேசினார். கதைக்குள் ஐம்பது வருடம் ஓடியிருக்கிறது, ஜாக்குக்கு மட்டும் வயதாகவில்லை. தாடி வளர்ந்திருக்கிறது, வாள் தொலைந்திருக்கிறது. காத்திருந்த ரசிகர்களின் நிலையையே கதையாக்கியதுபோல அத்தனை அழகான தொடக்கம். முடிவில் மறுபடி பிளவு. ஜாக் இறந்தகாலத்துக்குத் திரும்பி ஆக்குவைக் கொல்கிறான். ஆக்குவின் மகளான ஆஷி, பிறக்கவே வாய்ப்பில்லாதவளாகி, மணக்கோலத்தில் மறைந்துபோகிறாள். பதின்மூன்று வருடம் காத்ததற்கு இவ்வளவு அவசரமா என்றார்கள் ஒரு சாரார். எனக்கும் அந்தக் கடைசி எபிசோட் ஓட்டமும் நடையுமாகத்தான் தெரிந்தது. ஆக, படைத்தவன் கையெழுத்து இருந்தாலும் பிரச்சினை தீராது. பதின்மூன்று வருடத்தில் ரசிகன் மனசுக்குள் ஆயிரம் முடிவுகளை எழுதிப் பார்த்திருப்பான். அவற்றோடு மோதி எந்த ஒற்றை முடிவும் ஜெயிக்காது.

'ரெவலேஷனுக்கு' எதிரான இன்னொரு பிரதான வாதம், ஹீ-மேன் இல்லாத ஹீ-மேன் கதையே செல்லாது என்பது. இதற்கு ஃபில்மேஷனே பதில் சொல்லியிருக்கிறது. 'தி ப்ராப்ளம் வித் பவர்' என்ற எபிசோடில் தன் பலத்தால் ஓர் அப்பாவி செத்துவிட்டதாக ஹீ-மேன் நம்புகிறான். ஸ்கெலிட்டாரின் சூழ்ச்சி அது, யாரும் சாகவில்லை. ஆனால் அவனுக்குத் தெரியாது. இனி இந்த வாள் எனக்கு வேண்டாம் என்று பாதாளத்தில் எறிந்துவிட்டு வெறும் ஆடமாகிறான். பொம்மை விற்க எடுத்த தொடரில், பொம்மையே தன்னைக் கைவிடுகிற இருபது நிமிடம். கிடங்கிலிருந்து எடுத்த அதே அசைவுகள்தான், அதே மஞ்சள் முடிதான். ஆனால் அந்த முகம் அன்று வேறு மாதிரி இருந்தது. 130இல் தேடி எடுத்துப் பார்க்க வேண்டிய எபிசோட்.

அதன் வாரிசுபோல ஒரு காட்சி 'ரெவலேஷனிலும்' இருக்கிறது. டீலாவும் கூட்டமும் சொர்க்கத்துக்குப் போகிறார்கள். ஈட்டர்னியாவின் மாவீரர்கள் அங்கே தத்தம் போர்க்கோலத்தில், முறுக்கேறிய உடம்போடு உலவுகிறார்கள். நித்தியத்துக்கும் எந்த உருவில் இருப்பது என்பது அவரவர் தேர்வு. ஆடம் மட்டும் ஹீ-மேனாக இல்லை. மெலிந்த தோளோடு, ஆடமாகவே இருக்கிறான். யாரும் அதைப் பெரிதாக விளக்குவதில்லை. இந்தத் தொடரில் யாரும் விளக்காமல் விட்ட அபூர்வமான விஷயங்களில் இது ஒன்று. ஏனென்றால் 'ரெவலேஷனின்' உண்மையான குறை அதுதான். எல்லோரும் தங்கள் மனக்காயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். ஈவில்-லின் சொல்கிறாள், ஓர்க்கோ சொல்கிறான், இயந்திர மனிதன் ரோபோட்டோகூடச் சாகும்போது தன் சாவுக்குத் தானே பொழிப்புரை சொல்கிறான். குழந்தை இட்டு நிரப்ப இடம் வேண்டாமா? ஃபில்மேஷனின் ஏழ்மை தந்த இடைவெளியை இவர்களின் பேச்சு அடைத்துவிடுகிறது. ஹீ-மேனைக் கொன்றதற்குத் திட்டிய நேரத்தில் இதற்குத் திட்டியிருக்கலாம். இரண்டு மறுஆக்கங்களில் எது தேறும் என்று கேட்டால் ஷீ-ராவைத்தான் கைகாட்டுவேன்.

ஃபில்மேஷன் இன்று இல்லை. லோரியால் பின்னணியுள்ள ஒரு கூட்டமைப்பு அதை வாங்கியது. 1989 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்து அந்த மின்னலை வரைந்தவர்களுக்கு வேலை போனது. மேட்டல் இருக்கிறது, உரிமை அதன் கையில் பத்திரமாக இருக்கிறது. கோபத்தை அனுப்ப முகவரி தேடுகிறவர்கள் அங்கே அனுப்பலாம்.

கடைசியாக, ஜூலையில் ஐந்து எபிசோடோடு எழுந்து போனவர்களுக்கு ஒரு வார்த்தை. மீதி ஐந்து அதே வருடம் நவம்பர் 23இல் வந்துவிட்டன. ஹீ-மேன் திரும்பி வருகிறான். அதையும் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.